மழைக்கு முன்பே விதைக்கலாமா?

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டிக்கோ, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கோ பேருந்தில் போயிருக்கிறீர்களா? சாலையின் இரு பக்கமும் உழுது போட்ட வெறுங்காடு. ஒரு பச்சை இலையைக் காண முடியாது. கால் வைத்தால் கணுக்கால் வரை புழுதி. வானத்தில் மேகம் இல்லை. அந்த வெயிலில், அந்தப் புழுதியில், ஒரு விவசாயி சோளத்தை விதைத்துக்கொண்டிருப்பார்.

'ஈரம் இல்லாத மண்ணில் விதை எப்படி முளைக்கும்? மழை பெய்த பிறகு விதைத்தால் என்ன?' என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு விடை தேடி வேளாண்மை விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் சோதனை செய்திருக்கிறார்கள். அந்த விடையில் மண்ணியல், தாவரவியல், வானிலை இயல், கொஞ்சம் கணக்கு எல்லாமே அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

எவ்வளவு தண்ணீர் வருகிறது?

முதலில் ஒரு கணக்கு. இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏக்கரில் ஓர் ஆண்டில் விழும் தண்ணீர் 4,047 × 800, அதாவது 32 லட்சம் லிட்டருக்கும் மேல்!

இவ்வளவு தண்ணீர் கிடைத்தும் இதை ஏன் வறண்ட பூமி என்கிறோம்? மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதில்லை என்பதே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும்போது அது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைப் படித்திருப்பீர்கள். ஆனால் இந்தக் கரிசல் காட்டுக்கு ஆடி பொருந்தாது. இங்கே புரட்டாசிப் பட்டம்தான் பெரிய பட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. அந்தப் பாதியும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். டிசம்பர் நடுவில் மழை ஓய்ந்துவிடும்.

மழைக்காலமோ இரண்டரை மாதம். சோளமோ விளைவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குறையும் நாள்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

கரிசல் ஒரு தண்ணீர்த் தொட்டி

கரிசல் மண்ணில் களிமண் அதிகம். அந்தக் களிமண்ணில் மான்ட்மோரில்லொனைட் என்ற தாதுப்பொருள் நிறைய இருக்கிறது. இதன் அமைப்பை ஒரு புத்தகத்தின் தாள்களுக்கு ஒப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அது ஏடுகளின் இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. மண் உப்புகிறது. தண்ணீர் வெளியேறியதும் ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவு வெடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான்.

இந்தக் குணத்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல் மண், சுமார் 15 முதல் 20 செ.மீ. மழைக்குச் சமமான நீரைப் பயிருக்காகச் சேமித்து வைக்கும். வளர்ந்த பயிர் ஒரு நாளைக்குச் சுமார் 4 மி.மீ. நீரைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 மி.மீ. சேமிப்பு இருந்தால் 160 ÷ 4 = 40 நாள்கள். டிசம்பர் நடுவில் மழை நின்றாலும், பொங்கலைத் தாண்டியும் பயிர் உயிரோடு நிற்பது இந்தச் சேமிப்பினால்தான்.

ஒரு கெட்ட குணமும் உண்டு. நனைந்த கரிசல் பசைபோல ஒட்டும். நல்ல மழை பெய்துவிட்டால் ஏரும் இறங்காது, மாடும் இறங்காது. டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். மண் பதத்துக்கு வரப் பல நாள்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது சிக்கல் புரிகிறதா? மழைக்காலமே குறுகியது. முதல் மழைக்குப் பிறகு விதைக்கக் காத்திருந்தால், அந்த முதல் மழையின் ஈரம் பயிருக்குப் பயன்படாமலே போகிறது. பத்து நாள், பதினைந்து நாள் தாமதமாகி, நவம்பரில் முளைத்த பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் மண்ணின் ஈரம் தீர்ந்துவிடும். தட்டை நிற்கும், மணி இருக்காது.

ஆகவே மழைக்கு முன்பே விதைத்துவிட்டால், முதல் மழையிலேயே பயிர் முளைத்துவிடும். இதைப் 'புழுதி விதைப்பு' என்பார்கள். இது விஞ்ஞானிகள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல; வானம் பார்த்த பூமியின் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது.

ஏமாற்றும் தூறல்

விதைத்த நான்காம் நாள் ஒரு சிறு தூறல் விழுகிறது. மேலாக இருக்கும் விதைகள் நனைந்து முளைவிடுகின்றன. அதன் பிறகு இரண்டு வாரம் மழை இல்லை. முளைத்தவை எல்லாம் கருகிப்போகின்றன. எறும்பும் பறவையும் எஞ்சியதைத் தின்றுவிடுகின்றன. மறுபடி விதைக்க வேண்டும்.

ஓர் ஏக்கருக்குச் சுமார் 6 கிலோ சோள விதை போதும்; இது பெரிய நஷ்டமா என்று நினைக்கலாம். விதையோடு உழவுக் கூலி, ஆள் கூலி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பருவமே போய்விடுகிறது. இப்படித் தொடர்ந்து சில ஆண்டுகள் ஏமாந்த குடும்பம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போகிறது. தரிசில் சீமைக்கருவேல் முளைத்துவிடுகிறது. இந்த வட்டாரத்தில் நீங்கள் பார்க்கும் கருவேலங்காடுகளில் பல, ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த நிலங்கள். ஆகவே 'தூறல் ஏமாற்றாமல் விதைப்பது எப்படி?' என்பது ஒரு குடும்பம் ஊரில் இருப்பதா, போவதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி.

ஆராய்ச்சி நிலையங்கள்

கரிசல் நிலத்துக்கான ஆராய்ச்சி இங்கே மிகப் பழமையானது. கோயில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரி கட்டப்படுவதற்கும் முந்தியது அது! இந்த மண்ணுக்கே உரிய கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து மேம்படுத்தும் வேலை அங்கே நடந்தது. 1970-இல் இந்திய அரசு நாடு முழுவதும் ஓர் ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. கோயில்பட்டி அதன் மையங்களில் ஒன்று. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிறந்தது. கோயில்பட்டி நிலையமும், அருப்புக்கோட்டையிலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையமும், 1965-இல் தொடங்கப்பட்ட மதுரை வேளாண்மைக் கல்லூரியும் இன்று அப்பல்கலைக்கழகத்தின் அங்கங்கள்.

புழுதி விதைப்பின் ஆபத்தைக் குறைக்க விஞ்ஞானிகள் மூன்று கேள்விகளை எழுப்பினார்கள். எவ்வளவு ஆழத்தில் விதைப்பது? எந்த வாரத்தில் விதைப்பது? விதையையே உறுதியாக்க முடியுமா?

முதல் விடை: ஐந்து சென்டிமீட்டர்

உலர்ந்த கரிசல் மண் 1 செ.மீ. ஆழம் நனைய ஏறக்குறைய மூன்றரை மி.மீ. மழை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. தூறல் எவ்வளவு ஆழம் இறங்கும்? ஒன்றரை செ.மீ.கூட இல்லை. 20 மி.மீ. மழை பெய்தால்? ஐந்தரை செ.மீ.க்குச் சற்று அதிகம்.

இப்போது விதையை 5 செ.மீ. ஆழத்தில் வைத்துப் பாருங்கள். சிறு தூறல் அதை எட்டாது. விதை உறங்கிக்கொண்டே இருக்கும். 2 செ.மீ. அளவுக்கு நல்ல மழை பெய்தால்தான் ஈரம் விதையைத் தொட்டு எழுப்பும். அந்த அளவு மழை பெய்திருந்தால், முளைத்த செடி சில நாள் தாக்குப்பிடிக்கும் ஈரமும் மண்ணில் இருக்கும். மண்ணே ஒரு காவல்காரனாக நின்று, 'இது நம்பத்தக்க மழைதானா?' என்று பார்த்துக் கதவு திறப்பதைப் போல. எறும்புக்கும் பறவைக்கும் எட்டாமல் இருப்பது கூடுதல் இலாபம்.

அப்படியானால் 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் இன்னும் நல்லதல்லவா? அல்ல. சோள விதை சிறியது. அதற்குள் இருக்கும் மாவுப்பொருள்தான் முளை வெளிச்சத்தை எட்டும்வரை அதன் உணவு. ஆழம் அதிகமானால், மேலே வருவதற்குள் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். கையால் வீசி விதைத்தால் ஆழம் ஒரே சீராக இருக்காது. ஆகவேதான் ஒரே ஆழத்தில் விதையை இறக்கும் விதைப்புக் கருவிகளை ஆராய்ச்சி நிலையங்கள் வற்புறுத்துகின்றன.

இரண்டாம் விடை: பழைய மழைக் கணக்கு

ஆராய்ச்சி நிலையங்களில் மழைமானி வைத்து, தினமும் காலையில் அளந்து, குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். வானிலை விஞ்ஞானிகள் ஆண்டை 52 வாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 17 முதல் 23 வரை 38-ஆவது வாரம். அக்டோபர் 1 முதல் 7 வரை 40-ஆவது வாரம்.

ஓர் ஊரின் 40 ஆண்டுக் குறிப்பேடு நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட வாரத்தில் 2 செ.மீ.க்கு மேல் மழை பெய்த ஆண்டுகள் 28 என்றால், அந்த வாரத்தில் அத்தகைய மழைக்கான நிகழ்தகவு 28 ÷ 40, அதாவது 70 சதவிகிதம். அடுத்த ஆண்டு அந்த வாரம் கட்டாயம் மழை பெய்யும் என்று இது சொல்லவில்லை. பத்து ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் எதிர்பார்க்கலாம் என்றுதான் சொல்லுகிறது. இப்படி வாரவாரமாகக் கணக்கிட்டு, நம்பத்தக்க முதல் மழை எப்போது என்று பார்த்து, அதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பாக விதைக்கச் சொல்லுகிறார்கள். சோளத்துக்கும் பருத்திக்கும் இந்தக் கரிசல் பகுதியில் அது பெரும்பாலும் செப்டம்பரின் பின்பாதியில் அமைகிறது. மிகவும் முந்திவிட்டால் விதை சூடான மண்ணில் வீணாகக் கிடக்கும். பிந்திவிட்டால் மழை முந்திக்கொள்ளும்.

மூன்றாம் விடை: விதைக்குப் பயிற்சி

இதுதான் மிகவும் சுவையான பகுதி. ஒரு விதையைத் தண்ணீரில் போட்டால் என்ன நடக்கிறது? முதல் கட்டத்தில் அது நீரை வேகமாக உறிஞ்சி உப்புகிறது. இரண்டாம் கட்டத்தில் வெளியே மாற்றம் எதுவும் தெரியாது; ஆனால் உள்ளே நொதிகள் விழித்தெழுந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகின்றன; சேதமான பாகங்கள் செப்பனிடப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

முளைவேர் வந்த பிறகு உலர்த்தினால் அது இறந்துவிடும். ஆனால் இரண்டாம் கட்டத்திலேயே எடுத்து நிழலில் உலர்த்தினால் விதை சாவதில்லை. உள்ளே நடந்த வேலைகளின் பயனும் பெருமளவு அழிவதில்லை. மறுபடியும் ஈரம் படும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே அது விரைவாகவும் ஒரே சீராகவும் முளைக்கிறது. சோவியத் நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஹென்கல் இத்தகைய விதைப் பயிற்சியை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர்.

தமிழ்நாட்டில் இதை 'விதை கடினப்படுத்துதல்' என்கிறார்கள். மானாவாரிச் சோளத்துக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பைக் கரைத்து, அந்த 2 சதவிகிதக் கரைசலில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். விரைவாக முளைத்த செடியின் வேர், மேல்மண் காய்வதற்குள் கீழே இறங்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. செலவு மிகக் குறைவு. கருவி எதுவும் வேண்டாம்.

இதை மந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மாதம் மழையே இல்லாவிட்டால் கடினப்படுத்திய விதையும் காப்பாற்றாது. இப்படிச் செய்த விதையை நெடுநாள் சேமிக்கவும் கூடாது.

பெய்த மழையைப் பிடித்து வைத்தல்

பயிர் முளைத்துவிட்டது. இனி மழைநீர் ஓடிப்போகாமல் பார்க்க வேண்டும். கரிசல் நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. அதன் பிறகு நீர் உள்ளே இறங்குவது மிகவும் மெதுவாகிவிடும். பலத்த மழையில் நீர், நல்ல மேல்மண்ணையும் வாரிக்கொண்டு குண்டாற்றை நோக்கி ஓடுகிறது. இதைத் தடுக்க நிலத்தைச் சிறு வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியும் தன்மேல் விழுந்த மழையைத் தானே குடிக்கிறது.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மற்றொரு முறையை உருவாக்கியது. அகலமான மேட்டுப் பாத்தியும் அதையடுத்து ஒரு வாய்க்காலும் மாறி மாறி அமைப்பது அது. மேட்டில் பயிர், வாய்க்காலில் நீர் தங்கி மெதுவாக இறங்கும். மழை மிகுந்தால் அதே வாய்க்கால் வழியாக மிகுதி நீர் வடிந்து பண்ணைக்குட்டையில் சேரும். கதிர் பிடிக்கும் நேரத்தில் குட்டை நீரை ஒரே ஒரு முறை பாய்ச்சினாலும் பயிர் பிழைத்துவிடும். ஊருக்குக் கண்மாய் எப்படியோ, ஒரு காட்டுக்குப் பண்ணைக்குட்டை அப்படி.

உள்ளூர் விதையின் பெருமை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து விவசாயிகள் நெடுங்காலமாகப் பயிரிட்டுவரும் சிறுதானியம் குதிரைவாலி. குறைந்த நாளில் விளையும். வறட்சியையும் தாங்கும், ஓரளவு நீர் தேங்குவதையும் தாங்கும். மதுரை வேளாண்மைக் கல்லூரி விஞ்ஞானிகள் அருப்புக்கோட்டையின் உள்ளூர்க் குதிரைவாலியை எடுத்து, அதில் சிறந்த செடிகளைத் தனித்தனியே பிரித்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து 'மதுரை 1' என்ற ரகத்தை உருவாக்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகம் அன்று கவனித்ததை இந்தக் காட்டு மக்கள் எப்போதோ விதைத்து வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு ஒரு சோதனை

ஒரு முறை நல்லது என்று விஞ்ஞானிகள் எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு வயலில் ஒருமுறை விளைந்தது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மூலையில் மண் வளமாக இருந்திருக்கலாம். ஆகவே வயலைப் பல துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள்.

நீங்களும் செய்யலாம். மருந்து கலக்காத சோளம் 200 மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மணிகளை எடை பார்த்து, வெறும் தண்ணீரில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய எடை வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். மற்ற 100 மணிகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இருபது சிரட்டைகளில் ஒரே மண்ணை நிரப்பி, சிரட்டைக்குப் பத்து மணி வீதம், எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் விதையுங்கள். எந்தச் சிரட்டையில் எந்த விதை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில் முளைத்தவற்றை எண்ணிப் பட்டியல் இடுங்கள். எந்த வகை முந்துகிறது? எத்தனை நாள்? வித்தியாசமே இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

பிறகு, உங்கள் ஊரில் புழுதியில் விதைத்துப் பழகிய பெரியவர் ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, அவர் எந்த அடையாளத்தைப் பார்த்து விதைப்பு நாளைக் குறிக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை நாளோடும் கிழமையோடும் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு மழையை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோயில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேலையும் அதுதான்.